வட்டை ஓட்டுவது யார் பொறுப்பு?

கடையில் காசு கொடுத்து வாங்கிய டிவிடி. வரவேற்பறையில் இருக்கும் பிளேயரில் போட்டால் படம் ஓடுகிறது. கணினியில் போட்டால் டிகோடர் இல்லை என்கிறது. இரண்டிலும் வட்டு ஒன்றுதான், லேசரும் ஏறத்தாழ ஒரே வகைதான். பிறகு என்ன குறைகிறது? அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது?

கணினிக்குள் குறுந்தகடு நுழைந்த காலத்திலிருந்து இதற்குப் பல பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. இயங்குதளத்தை விற்பவர் எல்லாவற்றையும் சேர்த்தே தர வேண்டும் என்பது ஒன்று. பிளேயர் மென்பொருள் வெறும் கூடாக வரட்டும், வேண்டியவர் வேண்டிய செருகுநிரலைத் தேடிப் போட்டுக்கொள்ளட்டும் என்பது இன்னொன்று. வட்டே தன் பிளேயரையும் சுமந்து வரட்டும் என்றும் ஒரு காலத்தில் முயன்று பார்த்தார்கள்.

செருகுநிரல் என்ற ஏற்பாட்டைப் பொறியியல் வசதியாகவே பொதுவாக விளக்குவார்கள். ஆடியோ சிடியைப் பொறுத்தவரை அந்த விளக்கம் செல்லும். டிவிடிக்கு வந்தால் அது போதவில்லை. காப்புரிமைக் கட்டணத்தை யார் கட்டுவது, பூட்டைத் திறந்ததற்கு யார் பதில் சொல்வது என்ற இரண்டும்தான் பிளேயர் எங்கே முடிந்து செருகுநிரல் எங்கே தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்ததாகத் தெரிகிறது.

ஆடியோ சிடி: பிளேயர் வெறும் ரிமோட்டாக இருந்த காலம்

பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த 'ரெட் புக்' தரத்தில் கோப்பு என்ற ஒன்றே கிடையாது. வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். வட்டின் தொடக்கத்தில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல். அவ்வளவுதான். விண்டோஸில் ஆடியோ சிடியைத் திறந்தால் தெரியும் சிடிஏ கோப்புகள் விண்டோஸ் தானாக உண்டாக்கிக் காட்டுபவை. ஒவ்வொன்றும் 44 பைட். அவற்றை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துக்கொண்டு வட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களிடம் பாட்டு தங்கவில்லை. பாட்டு இருந்த இடத்தின் குறிப்புதான் தங்கியது.

1990களின் கணினிகளைத் திறந்து பார்த்தால் சிடி டிரைவின் பின்புறத்திலிருந்து சவுண்டு கார்டுக்கு ஒரு மெல்லிய வயர் போவது தெரியும். டிரைவே எண்களை ஒலியாக மாற்றி அந்த வயரில் அனுப்பிவிடும். திரையில் இருக்கும் பிளேயர் 'மூன்றாம் பாட்டைப் போடு', 'நிறுத்து' என்று கட்டளை மட்டும் கொடுக்கும். வயரைச் செருக மறந்த கணினியில் நிமிடக் கணக்கு ஒழுங்காக நகரும், சத்தம் மட்டும் வராது.

ஒலியை எண்களாகவே டிரைவிலிருந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான் செருகுநிரலுக்கு உண்மையான வேலை வந்தது. ஜஸ்டின் ஃபிராங்கல் 1997இல் வெளியிட்ட வினாம்ப் இதற்கு நல்ல உதாரணம். உள்ளீட்டுக்குச் சில செருகுநிரல்கள், வெளியீட்டுக்குச் சில, தாளத்துக்கு ஆடும் வண்ணக் கோலங்களுக்குச் சில; ஆடியோ சிடியைப் படிப்பதும் அவற்றில் ஒன்று. எண்களாகப் படித்தால்தான் ஈக்வலைசரும் கோலங்களும் வேலை செய்யும். இதில் பணம் கேட்பவர் இல்லை, பூட்டும் இல்லை. பொறியியல் வசதிக்காகவே பிரிக்கப்பட்ட செருகுநிரல் இது.

தொழில்நுட்பப் பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. ஆடியோ சிடியின் ஒரு செக்டரில் 2,352 பைட்டும் ஒலிக்கே போகிறது. டேட்டா சிடியில் அதே செக்டரில் 2,048 பைட்தான் தகவல்; மிச்சம் இடத்தைக் குறிக்கவும் கூடுதலாகப் பிழை திருத்தவும் ஒதுக்கப்பட்டது. அந்தக் கூடுதல் பாதுகாப்பு ஆடியோ சிடிக்கு இல்லாததால் கீறல் விழுந்த ஒரே வட்டை இரண்டு டிரைவ்கள் இரண்டு விதமாகப் படிக்கக்கூடும். சிடிபாரனோயா போன்ற மென்பொருள்கள் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

பாட்டின் பெயர் பிரச்சினை இன்னும் சுவையானது. பெரும்பாலான ஆடியோ சிடிகளில் பாட்டுகளின் பெயர் பதிவாகியிருக்காது. எக்ஸ்எம்சிடி என்ற பிளேயருக்குத் துணையாக டி கானும் ஸ்டீவ் ஷெர்ஃபும் வளர்த்த சிடிடிபி தரவுத்தளம், பாட்டுகளின் தொடக்க இடங்களைக் கொண்டு வட்டை அடையாளம் கண்டு பெயர்களை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. பெயர்களைத் தட்டச்சு செய்தவர்கள் கூலி வாங்காத பயனர்கள். பிற்பாடு அது வணிக நிறுவனமாகி, கிரேஸ்நோட் என்று பெயர் மாறி, உரிமம் பெறாத பிளேயர்களை வெளியே நிறுத்தியது. மாற்றாக எழுந்த ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டது, மியூசிக்பிரெயின்ஸ் தொடர்கிறது. ஃப்ரீடிபியில் இசை வகைகள் மொத்தம் 11தான் இருந்தன. ரெக்கேக்கும் கன்ட்ரிக்கும் தனி இடம் இருந்தது. நம் திரைப்பாடல் 'சவுண்டுடிராக்' அறையிலோ 'மற்றவை' அறையிலோ ஒண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கர்நாடக இசைக்கு எந்த அறை என்பது தட்டச்சு செய்தவரின் மனப்போக்கைப் பொறுத்தது.

விசிடி: கேள்வியே எழாத வட்டு

1993இல் வந்த விசிடி பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. எம்பெக்-1 வீடியோ, வினாடிக்கு 1,150 கிலோபிட், நம் பகுதியின் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் 352க்கு 288 புள்ளிகள். பூட்டு கிடையாது, எந்தப் பகுதியில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் மண்டலக் குறியும் கிடையாது. எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் (.dat) கோப்பைப் பிளேயரில் இழுத்துப் போட்டால் போதும். அதற்கான டிகோடர் விண்டோஸுடனேயே வந்தது. ஒரு வட்டில் 74 நிமிடந்தான் அடங்கும் என்பதால் தமிழ்ப்படம் இரண்டு வட்டாக வரும், நீளமான படம் மூன்றாக வரும்.

பூட்டு இல்லாததன் மறுபக்கம் தமிழ்நாடு நன்றாக அறிந்தது. திருட்டு விசிடியை ஒடுக்க 2004இல் குண்டர் சட்டத்தையே திருத்தி வீடியோ திருடர்களை அதில் சேர்த்தார்கள். ஆக, பூட்டப்படாத வட்டு பயனருக்கு எளிது, தயாரிப்பாளருக்கு நட்டம் என்ற வாதம் வெறும் கற்பனையல்ல. அந்த நட்டத்தைப் பூட்டு தடுத்ததா என்பதற்குத்தான் டிவிடியின் வரலாறு தெளிவான பதில் தரவில்லை.

டிவிடி: முதல் பதில், கட்டணம் கட்டிய டிகோடர்

1996 இறுதியில் ஜப்பானிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த டிவிடியைக் கணினியில் ஓட்ட மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. அதை விரிக்கும் ஒவ்வொரு டிகோடருக்கும் காப்புரிமைக் கட்டணம் உண்டு. ஒலி பெரும்பாலும் டால்பி முறையில் இருக்கும்; அதற்குத் தனிக் கட்டணம். இவற்றுக்கு மேல் சிஎஸ்எஸ் என்ற பூட்டு. உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் சாவி தரப்படும். மண்டலக் குறி இந்தப் பூட்டோடு சேர்ந்த ஏற்பாடு. இந்தியத் துணைக்கண்டம் 5ஆம் மண்டலம். 2000க்குப் பிறகு வந்த டிரைவ்களில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தேர்வு நிரந்தரமாகிவிடும்.

எம்பெக்-2 கட்டணம் ஒரு சாதனத்துக்கு 4 டாலரில் தொடங்கி, 2002இல் இரண்டரை டாலராகி, 2010இல் 2 டாலரானது. ஒரு கணினிக்கு இது சிறு தொகை. கோடிக்கணக்கான பிரதிகள் விற்கும் இயங்குதளத்துக்குச் சிறு தொகை அல்ல. மைக்ரோசாஃப்ட் இந்தக் கணக்கைப் பல தடவை மாற்றிப் போட்டது. 2001இன் எக்ஸ்பியில் விண்டோஸ் மீடியா பிளேயருக்கு டிவிடியின் பட்டன்கள் உண்டு, டிகோடர் இல்லை. சைபர்லிங்க், இன்டர்வீடியோ போன்றவை 15 டாலரை ஒட்டிய விலையில் அதைச் செருகுநிரலாக விற்றன. விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் உயர்ந்த பதிப்புகளில் டிகோடர் சேர்ந்து வந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் அது மறுபடி வெளியேறியது. டிரைவே இல்லாத மெல்லிய கணினிகள் பெருகிவிட்டன, எல்லோருக்காகவும் கட்டணம் கட்டுவானேன் என்பது நிறுவனத்தின் நியாயம். விண்டோஸ் 10இல் அது 14.99 டாலர் விலையில் தனிச் செயலியாக வந்தது.

வேண்டியவர் மட்டும் பணம் கட்டட்டும் என்ற இந்த நிலைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமெரிக்க விலைவாசியில் பொருந்தும் நியாயம் அது. மோசர் பேர் நிறுவனம் 2007இல் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்றது. அன்றைய டாலர் மதிப்பில் ஒரு டிகோடரின் விலை ஏறத்தாழ 600 ரூபாய். 34 ரூபாய் வட்டைப் பார்க்க 600 ரூபாய் செருகுநிரலை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று ஊகிப்பது தவறாகாது. டிகோடர்களைத் தொகுத்துத் தந்த கோடெக் மூட்டைகளும் விஎல்சி என்ற இலவசப் பிளேயரும் நம் ஊர்க் கணினிகளில் இவ்வளவு பரவியதற்கு இந்த இடைவெளி ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இரண்டாம் பதில்: சாவி இல்லாமல் திறப்பது

லினக்ஸ் பயன்படுத்துவோருக்குக் காசு கொடுக்கும் வழியும் ஆரம்பத்தில் இல்லை. உரிமம் பெற்ற பிளேயர் எதுவும் லினக்ஸுக்கு வரவில்லை. 1999 அக்டோபரில் வெளியான டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் இந்தச் சூழலில் பிறந்ததாகவே அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். ஸிங் என்ற பிளேயர் தன் சாவியைச் சரியாக மறைக்காமல் விட்டதிலிருந்து அது சாத்தியமானது. அதை உருவாக்கியவர்களில் பெயர் வெளிப்பட்டவர் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன். அப்போது வயது 15. எதிர்த்தரப்பின் கேள்வியும் வலுவானது: லினக்ஸுக்காக என்றால், நிரல் ஏன் விண்டோஸில் ஓடியது? டிவிடியின் கோப்பு முறையை லினக்ஸ் அப்போது சரிவரப் படிக்காது என்பது பதில். பிறகு நடந்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சிஎஸ்எஸ் 40 பிட் பூட்டு. அதன் வடிவமைப்பிலேயே ஓட்டை இருப்பதை ஃபிராங்க் ஸ்டீவன்சன் அதே ஆண்டு காட்டினார். அதன்பின் திருடிய சாவிகூடத் தேவைப்படவில்லை. இந்த வழியில் வளர்ந்ததுதான் லிப்டிவிடிசிஎஸ்எஸ். பாரிஸின் எகோல் சென்ட்ரால் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வீடியோலேன் திட்டத்தின் வெளியீடு இது. விஎல்சி பிளேயரும் அங்கே பிறந்ததுதான்.

இதன் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். லினக்ஸில் டிவிடியைப் படிப்பது லிப்டிவிடிரீட் என்ற நிரல் நூலகம். மெனு, அத்தியாயம் போன்றவற்றைக் கவனிப்பது லிப்டிவிடிநேவ். பூட்டை அவிழ்ப்பது மட்டும் லிப்டிவிடிசிஎஸ்எஸ். வட்டைத் திறக்கும் நேரத்தில் லிப்டிவிடிரீட் கணினியில் அந்த மூன்றாவது நூலகம் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் பயன்படுத்தும். இல்லையென்றால் பூட்டில்லாத வட்டுகளை மட்டும் ஓட்டும். பொறியியல் நோக்கில் மூன்றையும் ஒன்றாகக் கட்டுவதற்குத் தடை எதுவும் இல்லை. சட்டம் பாயக்கூடிய பகுதியைத் தனியாக வெட்டி எடுத்ததால்தான் மற்ற இரண்டையும் எந்த லினக்ஸ் தொகுப்பும் அச்சமின்றிச் சேர்த்துக்கொள்ள முடிகிறது. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் களஞ்சியத்தில் இருக்கும் லிப்டிவிடி-பிகேஜி என்ற தொகுப்பில் லிப்டிவிடிசிஎஸ்எஸ் கிடையாது. அதை நிறுவினால், வீடியோலேன் தளத்திலிருந்து மூல நிரலை இறக்கி, பயனரின் கணினியிலேயே தொகுத்துக் கொடுக்கும். கொடுத்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாத கொடுக்கல் வாங்கல்!

பலவீனங்கள் இல்லாமல் இல்லை. டிரைவின் மண்டலமும் வட்டின் மண்டலமும் ஒத்துப்போகாதபோது டிரைவ் சாவியைத் தர மறுக்கலாம். நிரல் அப்போது தானாகவே சாவியைக் கணக்கிட முயலும். சில மடிக்கணினி டிரைவ்கள் பூட்டிய செக்டர்களைப் படிக்கவே விடாது. அங்கே எந்தச் செருகுநிரலும் உதவாது, ஏனென்றால் தடை மென்பொருளைத் தாண்டி டிரைவுக்குள்ளேயே போய்விட்டது.

நீதிமன்றங்கள் சொன்ன முரண்பட்ட பதில்கள்

அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதையும், உடைக்கும் கருவியைப் பரப்புவதையும் தடுக்கிறது. படத்தைத் திருடினீர்களா என்பது அடுத்த கேள்வி. 2000இல் '2600' இதழ் டிசிஎஸ்எஸ்ஸை வெளியிடவும் அதற்கு இணைப்புக் கொடுக்கவும் நியூயார்க் நீதிபதி லூயிஸ் கப்லான் தடை விதித்தார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. நார்வேயில் நேர்மாறு. தான் வாங்கிய வட்டைத் தான் பார்ப்பதற்காகத் திறந்தது குற்றமாகாது என்று யோஹான்சன் 2003இல் இரண்டு நீதிமன்றங்களில் விடுதலையானார். பின்லாந்தில் சிஎஸ்எஸ் ஒரு பயனுள்ள பூட்டே அல்ல என்று கீழ் நீதிமன்றம் 2007இல் சொன்னது, மேல் நீதிமன்றம் மறு ஆண்டு மாற்றிச் சொன்னது. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2008இல் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்திச் செயல்படுவதற்கான விதிவிலக்கை விரிவாகப் பொருள்கொண்டது. விஎல்சி பாரிஸிலிருந்து தொடர்ந்து வருவதற்கு அந்த நாட்டுச் சூழல் துணையாக இருந்தது என்று கருத இடமுண்டு.

இந்தியாவின் நிலை தமிழ்க் கட்டுரைகளில் அதிகம் பேசப்படவில்லை. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கே தண்டனை என்கிறது. இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். நோக்கம் என்ற அந்தச் சொல் அமெரிக்கச் சட்டத்திலிருந்து இதை வெகுதூரம் விலக்கிவிடுகிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பது குற்றமில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. சொந்த டிவிடியைச் சொந்தக் கணினியில் பார்ப்பது அந்த வகையில் அடங்கும் என்றே தோன்றுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறர் பூட்டைத் திறக்க உதவுபவர், யாருக்கு உதவினாரோ அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். பூட்டுச் சாவிக் கடைக்காரருக்கு ஏற்ற விதி. கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொள்ளும் திறமூலச் செருகுநிரலுக்கு இதை எப்படிப் பொருத்துவது? நிரலை எழுதியவர் உதவியவரா, தன் தளத்தில் ஏற்றி வைத்தவரா, வாடிக்கையாளர் கணினியில் நிறுவிக் கொடுத்த கணினிக் கடைப் பையனா? சட்டத்தின் சொற்களைக் கொண்டு மூன்று பக்கமும் வாதாடலாம்.

மூன்றாம் பதில்: வட்டே கொண்டுவரும் பிளேயர்

பூட்டில்லாமல் பிறந்த ஆடியோ சிடிக்குப் பின்னாளில் பூட்டுப் போடப் பார்த்தார்கள். கணினியில் போட்டதும் தானே ஓடித் தன் பிளேயரை நிறுவிக்கொள்ளும் வட்டுகள் 2000களின் தொடக்கத்தில் வந்தன. அவற்றில் ஒன்றை, வட்டைப் போடும்போது ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டாலே தவிர்க்கலாம் என்று பிரின்ஸ்டன் மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் 2003இல் காட்டினார்.

சோனி பிஎம்ஜியின் எக்ஸ்சிபி என்ற பூட்டு மென்பொருள் இன்னும் தூரம் போனது. அது கணினிக்குள் ஒளிந்துகொண்டு தன் கோப்புகளை இயங்குதளத்தின் கண்ணிலிருந்தே மறைத்ததை மார்க் ருஸினோவிச் 2005 அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். நீக்குவதற்கென்று கொடுத்த நிரல் புதிய பாதுகாப்பு ஓட்டையைத் திறந்தது. வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பூட்டு மென்பொருளுக்குள் விஎல்சி திட்டத்துக்காக யோஹான்சன் எழுதிய நிரல் வரிகள் உரிம நிபந்தனைக்குப் புறம்பாகக் கலந்திருந்ததையும் ஆய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பதிப்புரிமையைக் காக்க வந்த மென்பொருளின் கதி அது. இந்தப் பதிலுக்கு இன்று ஆதரவாளர்கள் இருப்பதாகத் தெரியவில்லை.

புளூ-ரே: எல்லாப் பதிலும் தடுமாறும் இடம்

2006இல் வந்த புளூ-ரே, டிவிடியின் தோல்வியைப் படித்துவிட்டு வந்தது. ஏஏசிஎஸ் பூட்டு 128 பிட். ஒரு சாவி கசிந்தால் அடுத்து வெளியாகும் வட்டுகள் அதைச் செல்லாததாக்கிவிடும். டிரைவும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். புதுப் படத்தைப் பார்த்த பிறகு பழைய பிளேயர் வேலை செய்யாமல் போவது இதனால் சாத்தியமாகிறது. வீடியோலேனின் லிப்ஏஏசிஎஸ் இருக்கிறது, ஆனால் சாவிகள் இல்லாமல். சாவிக் கோப்பைப் பயனர் வேறெங்கோ தேட வேண்டும். செருகுநிரலைப் பிரித்து வைக்கும் உத்தி இங்கே இன்னொரு துண்டாக உடைந்திருக்கிறது: பூட்டைத் திறக்கும் முறை ஓரிடத்தில், சாவி வேறிடத்தில். மெனுக்களுக்கு ஜாவாவும் வேண்டும்.

உரிமம் பெற்ற வழி மட்டும் நிலையானதா என்றால் அதுவும் இல்லை. 2016இல் வந்த அல்ட்ரா எச்டி புளூ-ரேயைக் கணினியில் ஓட்ட, இன்டெல் சிப்பில் இருக்கும் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அறை கட்டாயமாக்கப்பட்டது. 11, 12ஆம் தலைமுறை கோர் சிப்களில் இன்டெல் அதையே கைவிட்டது. புதிய, வேகமான கணினியை வாங்கியவரால் உரிமம் பெற்ற பிளேயரைக் கொண்டு அந்த வட்டைப் பார்க்க முடியவில்லை. பழைய கணினியை வைத்திருந்தவரால் முடிந்தது.

தீர்ந்தவையும் தீராதவையும்

பணம் சார்ந்த வாதத்தில் பெரும்பகுதி காலத்தால் தீர்ந்துவிட்டது. டால்பி ஏசி-3 காப்புரிமைகள் 2017இலும், எம்பெக்-2 காப்புரிமைகளில் கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியிலும் காலாவதியாயின. டிவிடியின் டிகோடருக்கு இனிக் கட்டணம் கேட்பது கடினம். விஎல்சியை நிறுவிய கணினியில் ஆடியோ சிடியும் விசிடியும் டிவிடியும் பொதுவாகத் தடையின்றி ஓடுகின்றன.

பூட்டு காலாவதியாவதில்லை. சிஎஸ்எஸ் தொழில்நுட்பரீதியாகச் செத்து கால் நூற்றாண்டு ஆகியும் சட்டப்படி உயிரோடு இருக்கும் நாடுகள் பல. இந்தியாவில் 65ஏ பிரிவின் பதிவேட்டு நிபந்தனை செருகுநிரலைப் பகிர்பவருக்குப் பொருந்துமா என்பது தெளிவில்லை. ஒரு நூலகம் தன்னிடமுள்ள பூட்டிய டிவிடிகளை, வட்டு அழிவதற்கு முன் வன்தட்டுக்கு மாற்ற விரும்பினால் எந்த அளவுக்குப் பாதுகாப்பாக மாற்றலாம் என்பதும் அப்படித்தான். மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போனது. அதைப் போல வெளியிட்டவரே இல்லாமல் போன படங்களுக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்ற கேள்வி கூடுதலாகச் சேர்கிறது.

டிரைவ் பற்றிய கேள்வி இவற்றைவிட அவசரமானதாக இருக்கலாம். பதிவு செய்யக்கூடிய புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. மடிக்கணினிகளில் டிரைவ் வருவது அரிதாகிவிட்டது. செருகுநிரலை எத்தனை ஆண்டு கழித்தும் மறுபடி தொகுத்துக்கொள்ளலாம், மூல நிரல் கையில் இருக்கிறது. டிரைவின் உள்நிரல் அதைச் செய்தவர்களிடம் மட்டும் இருக்கிறது. அதைத் திறந்து வைக்கும்படி இதுவரை எந்த நாட்டுச் சட்டமும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.